பாறைக்கு அந்தப் பக்கம்

கடலுக்குள் நீண்டு கிடந்த அந்த முனைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் மங்கி, கடல் பக்கமிருந்து மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் வேறு வண்டி ஒன்றுகூட இல்லை.

"ஊரே வேண்டாம்னு விட்ட இடமாப் பாத்துத்தான் என்னைக் கூட்டிட்டு வருவீங்க," என்றாள் அவள். சொந்தமாகப் பியூட்டி பார்லர் நடத்துகிறவள். அவள் புருஷனுக்கு மருந்துக் கடை. இருவருக்கும் ஒரே நாளில் லீவு வாய்த்ததே அதிசயம்.

"கூட்டம் இல்லாட்டி நல்லதுதானே? போட்டோவுல நீ மட்டும் இருப்ப," என்று சிரித்தார் அவர்.

"தண்ணி ஏறுறதுக்குள்ள மேல வந்துடுங்க," என்றார் வாயிற்காவலர்.

கீழே இறங்கியதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். என்றைக்கோ கொதித்து ஓடிய எரிமலைக் குழம்பு கடலைத் தொட்டு இறுகி, கறுப்புத் தூண்களாக நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டை. ராட்சதன் எவனோ பென்சில்களைக் கட்டுக்கட்டாக நட்டு வைத்தது மாதிரி. சில தூண்கள் ஆளுயரம், சில முழங்கால் உயரம். இடுக்குகளுக்குள் கடல் புகுந்து, மூச்சிழுப்பது போல ஒரு சத்தம் எழுப்பித் திரும்பியது. மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அப்படியொரு வாடை.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போ," என்றார் அவர், போனைத் தூக்கிப் பிடித்தபடி.

அவள் பின்னால் ஒரு எட்டு வைத்தாள். பாசி வழுக்கியது. இடது கால் இரண்டு தூண்களுக்கு நடுவே முழங்கால் வரை இறங்கிவிட்டது.

அவர் ஓடிவந்து இழுத்தார். தோள்களைப் பிடித்துத் தூக்கினார். கால் அசையவில்லை. போனில் டவர் இல்லை.

"காவலரைக் கூட்டிட்டு ஒரே ஓட்டமா வந்துடறேன். பயப்படாத."

"சீக்கிரம் வாங்க."

மூட்டம் அவரை விழுங்கியது. காலடிச் சத்தமும் அடங்கியது. முதல் அலை வந்து அவள் பாவாடை நுனியை நனைத்துவிட்டுப் போனது.

"ரொம்ப வலிக்குதா?"

பெண் குரல். அவள் முதுகை ஒட்டியிருந்த பெரிய தூணுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஐயோ, ஆள் இருக்கீங்களா! கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்களேன்."

"வர முடியாதும்மா. நானும் மாட்டிக்கிட்டுத்தான் கிடக்கேன்."

"அடக் கடவுளே! கவலைப்படாதீங்க. எங்க வீட்டுக்காரர் ஆள் கூட்டிட்டு வரப் போயிருக்காரு."

"என் வீட்டுக்காரரும் அப்படிச் சொல்லிட்டுத்தான் போனாரு."

அடுத்த அலை இடுப்பைத் தொட்டது. பல் கிடுகிடுத்தது. பேச்சு நின்றால் அழுதுவிடுவோம் என்று இருந்தது அவளுக்கு.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று குரலே கேட்டது.

சொன்னாள்.

"நல்லவரா?"

"தங்கமான மனுஷன்."

"பொறுமை உண்டா? ஒரு இடத்துல இருன்னா இருப்பாரா?"

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அதையேன் கேக்கறீங்க! பார்லர் வாசல்ல எனக்காக மணிக்கணக்கா நிப்பாரு. முகம் சுளிக்க மாட்டாரு."

இடுக்குக்குள் கடல் ஒருமுறை மூச்சிழுத்துத் திரும்பியது. பிறகு, மிக அருகில், காது மடலில் மூச்சுப் படும் தூரத்தில்:

"அப்போ சரி."

கால் விடுபட்டது.

வழுக்கிக்கொண்டு வரவில்லை. கெட்டியாகப் பிடித்திருந்த கை விரல்களைத் தளர்த்தினால் எப்படியோ, அப்படி விட்டது.

அவள் தவழ்ந்து மேலே ஏறினாள். பாதி வழியில் அவள் புருஷனும் காவலரும் எதிரே ஓடிவந்தார்கள். புருஷன் அவளை அப்படியே கட்டிக்கொண்டார்.

"அங்க இன்னொரு அம்மா மாட்டிக்கிட்டு இருக்காங்க. அந்தப் பெரிய தூணுக்கு அந்தப் பக்கம்," என்றாள் மூச்சிரைக்க.

காவலர் அசையாமல் நின்றார். "அந்தத் தூணுக்கு அந்தப் பக்கம் வெறும் கடல்தாம்மா. கால் வைக்கவே இடம் கிடையாது."

அவள் புருஷன் முன்னால் நடந்ததும், காவலர் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன கேட்டுச்சு உங்ககிட்ட?"

அவள் முன்னால் போகும் புருஷனின் முதுகைப் பார்த்தாள்.

"ஒண்ணும் கேக்கல," என்றாள்.

அவர்கள் வெளியே வந்ததும் காவலர் வாயிலைப் பூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சைக்கிளில் ஏறிப் போனார்.

அவள் காரில் ஏறி, கண்ணாடியை இறுக்கி ஏற்றிவிட்டாள். "கிளம்புங்க. முதல்ல இங்கேர்ந்து கிளம்புங்க."

அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உயிர் பெற்றது. வண்டி நகரவில்லை.

"என்னாச்சு?"

"காலைத் தூக்க முடியலடி."

"மரத்துப் போச்சா?"

"இல்ல..." அவர் குழப்பத்தோடு கீழே பார்த்தார். "ஏதோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு."

போன் வெளிச்சத்தைக் கீழே அடித்தாள். செருப்பு, கணுக்கால், காய்ந்த விரிப்பு. வேறொன்றும் இல்லை. இரண்டு கையாலும் அவர் காலைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள்.

கல்லில் நட்டது போல நின்றது.

ஹாரனை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள். மூட்டத்துக்குள் அது எங்கேயும் எட்டவில்லை.

"ஏன் இப்படி நடுங்கற?" என்றார் அவர். எப்போதும்போல நிதானமான குரல். "ரோடு வரைக்கும் போய் யாரையாவது கூட்டிட்டு வா. நீ வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

"மாட்டேன்." அவர் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "உங்களை விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன்."

அவர் மறுபடி கீழே குனிந்து பார்த்தார்.

அவர் காலடி விரிப்பு மெல்லக் கறுத்து, நனையத் தொடங்கியிருந்தது.