டப்பாவின் அடியில் மரணம்

போன் அடித்தது.

விமான நிலையத்தில் பெட்டியை எடை மேடையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்த சின்னவர், ஒரு கையால் போனை எடுத்தார்.

"தம்பி... உங்க அண்ணன் போயிட்டார்."

அண்ணியின் குரல்.

"எங்கே போயிட்டார்?"

"ஒரேயடியா போயிட்டார், தம்பி."

சின்னவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் செத்ததற்காக அல்ல. அண்ணன் சாக வேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. அதற்கான ஏற்பாட்டைச் செய்தவரே அவர்தான். ஆனால்...

இன்றைக்கா?

இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே! சின்னவர் கடல் கடந்து, தேயிலைக் கண்காட்சியில் நாலு பேர் பார்க்க நின்றுகொண்டிருக்கும்போதல்லவா இந்தப் போன் வந்திருக்க வேண்டும்? அண்ணன் எதிலும் முந்திக்கொள்கிற ஆள். கடைசியில் இதிலுமா?

"பெட்டி இது ஒண்ணுதானா சார்?" கவுன்ட்டர் பெண் கேட்டாள்.

"எங்க அண்ணன் செத்துட்டாரும்மா."

"ஐயோ பாவம். அப்போ பெட்டியை இறக்கிடுங்க சார், பின்னாடி ஆள் நிக்கறாங்க."

இறக்கினார். அண்ணன் செத்த சேதி கேட்ட பிறகும் விமானம் ஏறினால் ஊர் சும்மா இருக்குமா?

டாக்சியில் வழி நெடுக மண்டையைக் குடைந்துகொண்டார். எங்கே தப்பு?

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துவது தேயிலைக் கடை. வாய் அண்ணனுடையது. நாக்கு தம்பியுடையது. கிரீன் டீயையும் பிளாக் டீயையும் ஒரே டப்பாவில் குடித்தனம் வைப்பது லேசுப்பட்ட காரியமா? ஒன்று கொதிக்கிற தண்ணீர் கேட்கும். மற்றது அதே தண்ணீரில் கசந்துபோய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். மாமியார், மருமகள் கதைதான். காய்ந்த ஆப்பிள், செர்ரி, பீச் என்று துண்டு போட்டு, இரண்டையும் சமாதானம் செய்துவைத்தவர் சின்னவர். அதற்காக வருஷக்கணக்கில் நாக்கைப் புண்ணாக்கிக்கொண்டவர்.

போன மாதம் அண்ணன் டிவியில் உட்கார்ந்துகொண்டு, "இது என் கனவுல வந்த கலவைங்க" என்றார்.

சின்னவருக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்.

பழம் கனம், இலை லேசு. நாள்பட்ட டப்பாவில் பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். கடைக்காரனுக்கு அது தலைவலி. கொலைகாரனுக்கு அது வரப்பிரசாதம். விஷத்தில் ஊறிய பழத்தை அடியில் பரப்பினார். மேலே நல்ல இலையாகப் போட்டு நிரப்பினார். அண்ணன் தன் டீயைத் தானே போட்டுக்கொள்கிறவர். அவசரக்காரர். மேலாக ஒரு ஸ்பூன் அள்ளுவார், மூடிவிடுவார். அடிக்கு வந்து சேர இரண்டு வாரமாவது ஆகும்.

நேற்று மாலைதான் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இன்று காலை அண்ணன் காலி!

வீட்டு வாசலில் ஜீப் நின்றது. வந்த டாக்டர் அண்ணனின் கண்ணைப் பார்த்திருக்கிறார், உதட்டைப் பார்த்திருக்கிறார், நேரே போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார். சமையலறை மேஜையில் அந்த டப்பா திறந்து கிடந்தது. எதிரே கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பெண் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு ஏட்டு. சுவரோரம் அண்ணி, முந்தானையில் முகம் புதைத்தபடி.

"உக்காருங்க சார். உங்க அண்ணன் கடைசியா குடிச்சது இந்த டீதான். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க, இதுல ஏதாவது வித்தியாசமா தெரியுதா?"

சின்னவர் எட்டிப் பார்த்தார்.

இலையும் பழமும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. மேலேயே ஆப்பிள். மேலேயே செர்ரி!

இரண்டு நாள் உட்கார்ந்து அடுக்கிய அடுக்கு. தொழில் தெரிந்தவனுக்கு எப்படி இருக்கும்? ரத்தம் தலைக்கேறியது.

"இதை யாரு குலுக்கினது?"

"ஏன் சார், குலுக்கக்கூடாதா?"

"குலுக்காம இருந்தா பழம் அடியிலதானே இருக்கும்?"

"எப்பவுமே அடியிலதான் இருக்குமா?"

"நாள்பட்டா இறங்கிடும் மேடம். பழம் கனமில்லையா?"

"எத்தனை நாள்ல இறங்கும்?"

"ஒரு மாசம்... ரெண்டு மாசம் ஆகும்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். பாடம் கேட்கிற பிள்ளை போல.

"இது நேத்துதான் அடைச்ச டப்பான்னு நீங்களே சொல்லிக் குடுத்தீங்களாமே. நேத்து அடைச்சதுல பழம் அதுக்குள்ள எப்படி சார் அடிக்குப் போச்சு?"

சின்னவர் வாயைத் திறந்தார். நாக்குக்குப் பேர் போனவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"யோசிச்சு வைங்க. நான் ஒரு போன் பேசிட்டு வரேன்." இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கூட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார்.

அண்ணி முந்தானையை எடுத்தார். கண்ணில் பொட்டு ஈரமில்லை.

"நான்தான் குலுக்கினேன், தம்பி." குரல் மேஜையைத் தாண்டவில்லை.

"அண்ணி...?"

"கடையில டப்பா அடைக்கறதே நான்தானே? காலையில திறந்து கையை விட்டேன். மேல வெறும் இலை, அடியில பழம். புது டப்பாவுல அது தானா இறங்கினதில்ல, யாரோ இறக்கினதுன்னு தெரியாதா எனக்கு? மோந்து பார்த்தேன். புரிஞ்சுபோச்சு."

"தூக்கிப் போட்டிருக்கலாமே!"

"போட்டிருக்கலாம்." அண்ணி பெருமூச்சு விட்டார். "டப்பாவுல இருக்கற படத்துல உங்க அண்ணன் சிரிக்கறாரே, பார்த்திருக்கீங்களா? இருபது வருஷமா அந்தச் சிரிப்பை நான் டப்பாவுல மட்டும்தான் பார்த்தேன். இன்னிக்கு டீயை நானே போட்டுத் தரேன்னு சொன்னேன். 'என்னடி திடீர்க் கரிசனம்'னார்."

"ரெண்டு வாரம் பொறுத்திருக்கக்கூடாதா அண்ணி?"

"ரெண்டு வாரம் கழிச்சுன்னா நீங்க இங்க இருக்க மாட்டீங்களே. அப்புறம் போலீஸ் யாரைப் பிடிப்பாங்க? என்னைத்தான்."

கொலை செய்தவரையே கூலியாளாக்கிவிட்டாளே புண்ணியவதி!

நாற்காலி பின்னால் சாய, சின்னவர் துள்ளி எழுந்தார்.

"மேடம்! நான் பழத்தை அடியிலதான் வெச்சேன்! தெரிஞ்சே குலுக்கி, தெரிஞ்சே ஊத்திக் குடுத்தது இவங்க!"

கதவுப் பக்கம் நின்ற இருவரும் திரும்பினார்கள்.

"எழுதிக்கிட்டீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் ஏட்டிடம் கேட்டார்.

"'அடியிலதான் வெச்சேன்' வரைக்கும் எழுதிட்டேன் மேடம்."

"அது போதும்."

விலங்கு மாட்டப்பட்டது. சின்னவர் விடவில்லை. "அப்போ இவங்களை விட்டுடுவீங்களா? குலுக்கினது குத்தமில்லையா?"

இன்ஸ்பெக்டர் டப்பாவை எடுத்து, பின்பக்கம் திருப்பி, கண்ணை இடுக்கிப் படித்தார்.

"'ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கியபின் உபயோகிக்கவும்.' இதை எழுதினது யாரு சார்?"

"...நான்தான்."

"டப்பாவுல எழுதினதைப் படிச்சு அதன்படி நடந்த ஒரு ஆளை, என் சர்வீஸ்ல இன்னிக்குத்தான் பார்க்கறேன். அவங்களைப் போயா அரெஸ்ட் பண்ணச் சொல்றீங்க?"