ஐந்து இருக்கை, ஆறு பெயர்

அன்று புது வண்டிக்கான ஜெபத்தின்போது அதற்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். பிற்பாடு ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள் என்பதால் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராஜையா. அவர் மனைவி ஜெயபாய். ஜப்பானில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் குன்னத்துகாலுக்குத் திரும்பியிருந்த மகன் சிபி. சிபியின் மனைவி சோனா. அவர்கள் மகள் அஜிஷா, வயது ஏழு. போதகர் வெளியே, கதவருகில் நின்றார். வேறு யாரும் இல்லை.

வண்டியைச் சிபி அங்கிருந்து கப்பலில் கொண்டுவந்திருந்தான். எட்டுப் பேர் போகிற வேன். அதன் பின்பாதியை அங்கேயே யாரோ திருத்தி, மடக்குக் கட்டிலும் சின்ன அடுப்பும் கைகழுவும் தொட்டியும் வைத்து, ஐந்தே இருக்கைகளை மிச்சம் விட்டிருந்தார்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கென்று விற்றவர்கள் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். சிபி அதைத் தமிழாக்கி எல்லோருக்கும் வாசித்தான். பக்கக் கதவு தானாக ஓடும், கையால் இழுக்க வேண்டாம். ரேடியோ உங்கள் ஊர் நிலையங்களைப் பிடிக்காது. உள்ளே ஜப்பான் மொழியில் பேசுகிற பெண்குரலை வேறு மொழிக்கு மாற்ற முடியாது, பழகிக்கொள்ளுங்கள். எத்தனை பெல்ட் உண்டோ அத்தனை பேரை மட்டும் ஏற்றுங்கள்.

புது வீடானாலும் புது வண்டியானாலும், குடும்ப வேதாகமத்தின் முதல் தாளில் எழுதியிருக்கும் பெயர்களை மூத்தவர் உரக்க வாசித்து ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். ராஜையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் பெயரில் தொடங்கினார். இரண்டாவது ஜெயபாய். மூன்றாவது ரெஜி.

சிபி குனிந்து மெல்லச் சொன்னான். "அப்பா, அண்ணனையுமா? வண்டியில ஏறுறவங்கள மட்டும் வாசிச்சாப் போராதா?"

"தாளில உள்ளத விட்டுட்டு வாசிக்க எனக்கு எவனும் படிப்பிச்சுத் தரல்லலே. நம்ம வீட்டு வழக்கமாக்கும்."

ஆறு பெயரையும் வாசித்தார். போதகர் ஆமென் சொன்னதும் சிபி வண்டியைக் கிளப்பினான். பெண்குரல் மரியாதையாக, மெதுவாக எதையோ சொல்லி நிறுத்தியது. சிபியின் கை சாவியிலேயே நின்றது.

"என்னலே சொல்லுது?"

"எப்பவும் சுங்கச்சாவடி அட்டை போடல்லன்னு சொல்லும். இப்ப என்னமோ ஒருத்தர் இன்னும் ஏறல்லங்குது."

"போதகரத்தான் சொல்லுது தாத்தா!" என்றாள் அஜிஷா. எல்லோரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார். ராஜையாவும் சிரித்தார். ஆனால் புது மெத்தையின் வாசனைக்கு அடியில், வெயில் படாத படித்துறைப் பாசியின் வாடை தன் மூக்கில் ஏறுவதை அவர் ஒருவர் மட்டும் உணர்ந்தார்.

அந்த வாரம் முழுக்க, சிபி வண்டியை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் குரல் அதையே சொன்னது. மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிக் கிடக்கும் நேரத்தில், முற்றத்தில் பூட்டி நிறுத்திய வண்டியின் பக்கக் கதவு ரப்பர் பிரிகிற சின்ன உறிஞ்சல் சத்தத்தோடு விலகி, முழுக்க ஓடித் திறந்து, ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற அளவு நேரம் காத்திருந்து, பிறகு வந்தபடியே மூடிக்கொள்வதை ராஜையா ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் இறங்கிப் போய்ப் பார்த்தபோது கதவடியில் ஆற்றுமணல் ஈரமாகக் கிடந்தது. தோள்துண்டால் துடைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நெய்யாற்றின்கரையில் கல்யாணம். முந்தின நாள் சோனா வந்து நின்றாள். "மாமா, நாளைக்கு நாம பஸ்ஸில போலாம். பூட்டின கதவு தானாத் தொறக்குது, எனக்குப் பயமாட்டு இருக்கு."

"சபை முழுக்க நம்ம வண்டியப் பாக்கக் காத்து நிக்குது. பஸ்ஸில போயி எறங்கினா என்ன சொல்லுவான்? ராஜையா சாருக்க மகன் பேய்வண்டி கொண்டாந்தான்னு சொல்லுவான்."

அடுக்களையிலிருந்து ஜெயபாய் குரல் வந்தது. "அவருக்கு ஊருவாய்தான் பெரிசு மோளே. நீ போயி சேலையத் தேய்ச்சு வை."

ரெஜி இறந்து முப்பத்தைந்து வருஷமாகிறது. அதுவும் ஒரு கல்யாண நாள்தான். திரும்பி வரும்போது ஆற்றோர ரோட்டில் சபைச் சங்கத் தலைவர் வண்டி கிடைக்காமல் நின்றிருந்தார். வாடகைக் காரில் இடமில்லை. ராஜையா ஒன்பது வயது ரெஜியைப் படித்துறைப் பக்கம் இறக்கிவிட்டு, "இங்ஙனயே நில்லு மக்கா, அடுத்த நடைக்கு வண்டி வரும்" என்று சொல்லி, அந்த இடத்தில் தலைவரை உட்காரவைத்தார். கார் திரும்பி வந்தபோது படியில் செருப்பு மட்டும் இருந்தது. பையன் சொல்லாமல் குளிக்க ஓடிவிட்டான் என்று ஊருக்குச் சொன்னார். முந்தின நடையிலேயே வீட்டுக்குப் போயிருந்த ஜெயபாயிடமும் அதையே சொன்னார். தலைவர் மறுத்துப் பேசவில்லை. குடும்ப மானம் அப்படிக் காப்பாற்றப்பட்டது.

சனிக்கிழமை காலை பத்தரை. சிபி ஓட்டினான், ராஜையா பக்கத்தில். பின்னால் ஜெயபாய், நடுவில் சோனா, கதவோரம் மஞ்சள் பாவாடையில் அஜிஷா. கண்ணாடிக்கு மேலே ஐந்து சின்ன விளக்குகள். பெல்ட் போட்டால் அணையும், கழற்றினால் சிவக்கும். ஐந்தும் அணைந்திருந்தன. குரல் மட்டும் வழக்கம்போல, ஒருவர் இன்னும் ஏறவில்லை என்றது.

"நீ சும்மா கிட பெண்ணே" என்று அஜிஷா அதை அதட்டினாள். ராஜையாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

ரப்பர் தோட்டங்கள் முடிந்து ஆறு தெரிந்தது. வெயில் தண்ணீரில் அடித்துக் கண்ணைக் கூசவைத்தது. ஏசிக் காற்றில் இருந்த துணிக்கடை வாசனையும் மல்லிகை வாசனையும் ஒவ்வொன்றாக விலகி, பாசி வாடை ஒன்றே நின்றது. படித்துறை வளைவில் வண்டி வேகம் குறைந்தது.

"எலே, நிறுத்தாத."

"நான் நிறுத்தல்லப்பா. அதுவாட்டு நிக்குது."

நின்றது. பக்கக் கதவு விலகியது. சூடான காற்று உள்ளே வந்தது. ராஜையா திரும்பிப் பார்க்க முயன்றார். பெல்ட் நெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தது. பொத்தானை அமுக்கினார். விடவில்லை. பக்கத்துக் கதவை இழுத்தார். திறக்கவில்லை.

படியில் ஈரக்கால் வைக்கும் சத்தம்.

"மக்கா" என்றார் ராஜையா. "எனக்க இடத்த எடுத்துக்கோ. நான் எறங்குறேன். பிள்ளைய விட்டுரு. நாந்தானே ஒன்ன எறக்கினேன். நாந்தான்."

முப்பத்தைந்து வருஷம் சொல்லாததைச் சொல்லிவிட்டார். யாரும் திரும்பவில்லை. சிபி ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது விளக்கு சிவந்தது.

கதவோர இருக்கை.

"தாத்தா?"

குரல் வெளியே இருந்து வந்தது.

டக். பெல்ட் பூட்டுகிற சத்தம். விளக்கு அணைந்தது. கதவு அவசரமில்லாமல் ஓடி மூடியது. பெண்குரல் புதிதாக ஏதோ சொன்னது. சிபியின் முகம் மலர்ந்தது.

"எல்லாரும் ஏறியாச்சாம்! சரியாயிட்டு, பாத்தீங்களாப்பா?"

வண்டி நகர்ந்தது.

"சோனா. அஜிஷா எங்க?"

"ஆரு மாமா?"

"அஜிஷா. உனக்க மகளாக்கும்."

சோனா மாமியாரைப் பார்த்துச் சங்கடமாகச் சிரிப்பது கேட்டது. ஜெயபாய் யாருக்கோ தலை துவட்டிக்கொண்டிருந்தாள். துணி உரசுகிற சத்தம். தண்ணீர் சொட்டுகிற சத்தம். "கல்யாணத்துக்குப் போற நேரத்தில இப்படியா நனஞ்சு வருவ, மக்கா ரெஜி?"

ராஜையாவின் பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது.

பக்கவாட்டுக் கண்ணாடியில் படித்துறை தெரிந்தது. மேல்படியில் அஜிஷா நின்றாள். அழவில்லை. ஓடிவரவில்லை. அடுத்த நடைக்கு வண்டி வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பதுபோல, இரண்டு கையையும் பாவாடையோடு ஒட்டிவைத்து, அடக்கமாக நின்றாள். அவள் காலடியில் தண்ணீர் ஒரு படி ஏறியது. வண்டி வளைவில் திரும்புகிற வரைக்கும் நின்றாள். அவள் செருப்பு போட்டிருக்கவில்லை.

குன்னத்துகால் சந்தையிலும் நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்திலும் ஒரு பேச்சு உண்டு. ராஜையா சாருக்கு வயசாகிப் புத்தி பிசகிவிட்டது, பிறக்காத பேத்தி ஒருத்தியைத் தேடி நாள்தோறும் படித்துறையில் போய் உட்கார்ந்திருக்கிறார் என்கிறார்கள். அது தவறு. பேத்தி உண்டு. பெயர் அஜிஷா.