முடியப்பர் கையில் செம்பனை மட்டை

வலது தோள் காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. எட்டு வருஷம் தோட்டத்தில் நீள அரிவாள் பிடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டிய தோள். இப்போது கரித்துண்டைத் தூக்கவே முனகியது. பொந்தியான் ஊருக்குப் பக்கத்திலுள்ள புனித முடியப்பர் கோவிலுக்குள் ரபேல் வந்து, சுவரில் சாய்த்திருந்த படத்தின் முன் உட்கார்ந்தான்.

நாளைப் பூசையில் படத்தைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார்கள். வரைய மிச்சம் ஒரு முகம்தான். புனிதரின் காலடியில் கைகூப்பி மண்டியிட்டிருப்பவரின் முகம். படத்துக்குச் செலவு செய்த தோட்டத்துக் காண்டிராக்டர் மார்கஸ் அந்த இடத்தைத் தனக்கென்று கேட்டு வாங்கியிருந்தார்.

கல்லெறிபட்டுச் செத்த வேதசாட்சி முடியப்பர். வேதத்துக்காகச் செத்ததன் அடையாளமாகக் கையில் பனையோலை வேண்டும் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். ரபேலுக்குத் தெரிந்த ஓலை ஒன்றுதான். அடியெல்லாம் முள் வைத்த செம்பனை மட்டையை வரைந்துவிட்டான்.

போட்டோவைப் பார்த்து மார்கஸின் முகத்தை முடித்தான். கரியைச் சீவிவிட்டு நிமிர்ந்தான்.

படத்தில் இருந்தது, மூன்று வருஷத்துக்கு முன் தோட்டத்தில் செத்த ஜோனதன்.

இடது நெற்றிப்பொட்டு உள்ளே அமுங்கியிருந்தது. ரபேல் வெட்டிய குலை விழுந்த இடம்.

துணியால் அழித்து மறுபடி வரைந்தான். மறுபடியும் ஜோனதன். மட்டை இப்போது புனிதர் கையில் இல்லை. ஜோனதனின் மடியில் கிடந்தது.

அழுகிய செம்பனைப் பழத்தின் புளிப்பு வாடை எழுந்தது.

மார்கஸ் வந்து எட்டிப் பார்த்தார். "என்னடா, என் மடியில மட்டைய வச்சிருக்க? நான் இன்னும் சாகல லா."

பிறகுதான் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"தொடைச்சிடு."

"அவன் கீழ பழம் பொறுக்கிட்டு இருந்தாண்ணே. நீங்கதான் வெட்டுடான்னு சொன்னீங்க."

"போலீஸ்ல என்ன சொன்ன?"

"அவனா வந்து நின்னான்னு."

"அதையே சொல்லிக்கிட்டு இரு."

ரபேல் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தான். இம்முறை மார்கஸின் முகம் ஒழுங்காக நின்றது. மட்டையும் புனிதர் கைக்குத் திரும்பியிருந்தது.

மறுநாள் ஃபாதர் படத்தின் மேல் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தபின் ஜோனதனின் மனைவி கிறிஸ்டின் மட்டும் நின்றாள். புருஷன் கவனக்குறைவால் செத்தான் என்று மூன்று வருஷமாக ஊர் சொல்லக் கேட்டுத் தலைகுனிந்தவள்.

"ரபேலண்ணே, மண்டி போட்டிருக்கிற இந்த மொகம் எங்க வீட்டுக்காரரு மாதிரி இல்ல?"

உண்மை வாய்வரை வந்தது. வாசலில் மார்கஸ் நின்றிருந்தார்.

"காண்டிராக்டர்தாம்மா."

அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

ரபேல் திரும்பிப் பார்த்தான்.

படத்தில் மண்டியிட்டவரின் கூப்பிய கைகள் பிரிந்திருந்தன. ஒன்று அவனை நோக்கி, கேட்டு வாங்குவதுபோல் நீண்டிருந்தது. ஜோனதனுக்கு அவன் தரவேண்டிய உண்மைச் சாட்சி இன்னும் பாக்கி.