மணல் இல்லாத மடிக்கணினி

பாம்பனிலிருந்து கணவரோடு வந்த ஜோதிமேரி, வயர்க்கூடையிலிருந்து மடிக்கணினியை எடுத்துக் கணினிக் கடை மேசையில் வைத்தாள். கடை ஊழியன் சோணைமுத்து அதைத் தொடப் போனான்.

"ஏலே, கையை எடு! இனிமே உன் கை இதுல படக்கூடாது" என்றவள், கடைக்காரி பாண்டியம்மாளிடம் திரும்பினாள். "புது ஓ.எஸ். போடுறேன்னு உள்ள இருந்த நல்ல சாமானைக் கழட்டிட்டு ஓட்டையை மாட்டி வச்சிருக்கான்க்கா. ஞாயித்துக்கிழமை கத்தார்ல இருந்து மகன் திரையில வந்தான். இருபதே நிமிஷம், பொட்டுன்னு அணைஞ்சிருச்சு. எக்ஸ்பி இருந்த வரைக்கும் இப்பிடி ஆனதே இல்ல."

2009ஆம் ஆண்டின் கடைசி அது. புது ஓ.எஸ். வந்ததும் இராமநாதபுரத்தில் பாதிப் பேருக்கு அது உடனே வேண்டியிருந்தது. கணினிக்கு வயது மூன்று.

கடையின் பங்குதாரர் அப்துல் ஹமீதுக்கு யாரையாவது சந்தேகப்படாவிட்டால் சோறு இறங்காது. "பயலை அனுப்பிருவோம்க்கா. பேரு கெட்டுப்போகும்" என்று காதைக் கடித்தார். சோணைமுத்து கடைச் சாவியை மேசையில் வைத்தான். பாவமாக இருந்தது.

பாண்டியம்மாள் சாவியைத் தொடவில்லை. கணினியை ஓடவிட்டாள். திரையில் ஜன்னலை இழுத்தால் அது நொண்டி நொண்டி வந்தது. அரை மணி நேரம் ஆகியும் அணையவில்லை.

"பாத்தீகளா, இங்கன வந்தா நல்ல பிள்ளையா நடிக்குது!" என்றாள் மேரி.

அதற்குள் அவள் கணவர், விசைப்படகுக்காரர் சூசைமுத்துவுக்குப் போன் வந்தது. கைபேசி பாலித்தீன் பையில் இருந்தது. வாயைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கியிருந்தார். பையோடு காதில் வைத்து, "அந்தா வாரேன்" என்று கத்தினார். கக்கத்தில் நீல நிறத்தில் எதையோ சுருட்டி வைத்திருந்தார்.

பாண்டியம்மாள் கணினியை அணைத்துக் கவிழ்த்து, உருப்பெருக்கியால் திருகாணிகளைப் பார்த்தாள். பிறகு விசிறித் துவாரத்தில் டார்ச் அடித்தாள்.

"ஹமீது, உள்ள என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்லக்கா. பளிச்சுன்னு இருக்கு."

"அதான் சேதி." அவள் நால்வரையும் உட்கார வைத்தாள். "முதல்ல திருகாணி. உப்புக்காத்துல எல்லாம் துருப்பிடிச்சிருக்கு. ஸ்க்ரூடிரைவர் பட்டிருந்தா துரு உதிர்ந்து கீறல் விழுந்திருக்கும். ஒரு கீறல் இல்ல. இதை யாரும் திறக்கவே இல்ல."

சோணைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்புறம் ஏன் அணையுது?" என்றார் ஹமீது, சற்று ஏமாற்றத்தோடு.

"பாம்பன்ல சோத்துலயும் மணல் இருக்கும். மூணு வருஷமா ஓடுற விசிறியில ஒரு பொட்டு மணல் இல்ல. அப்ப காத்து போற வழியையே யாரோ அடைச்சிருக்காக. அண்ணே, கக்கத்துல என்ன?"

சூசைமுத்து பெருமையாக விரித்தார். மடிக்கணினிக்கு அளவெடுத்து, தார்ப்பாயில் நைலான் நரம்பால் தைத்த உறை. விசைப்பலகைக்கு மேலே மட்டும் திறப்பு. "கடல்ல ஜி.பி.எஸ்.ஸுக்குத் தச்ச மாதிரியே தச்சேன் தங்கச்சி. ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது."

"மீன் கவிச்சி அடிக்குதுன்னு நான்தான் கடைக்குக் கொண்டாரையில கழட்டிருவேன்" என்றாள் மேரி. சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது.

"அதான் இங்கன ஓடுது, அங்கன அணையுது. எக்ஸ்பிக்கு உழைப்பு கம்மி, உறைக்குள்ளயும் தாங்குச்சு. புதுசுல, திரையில படம் காட்டுற இந்தப் பழைய சிப்பை ஓட்டுற மென்பொருள், அதான் டிரைவர், ஏறல. அந்த வேலையையும் பிராசசரே பாக்குது. சூடு தாங்காம உசுரைக் காப்பாத்திக்கத் தானே அணைஞ்சுக்குது." பாண்டியம்மாள் சோணைமுத்துவைப் பார்த்தாள். "டிரைவர் ஏறுச்சான்னு பாக்காம அனுப்புனது உன் தப்பு. எக்ஸ்பிக்கும் இதுக்கும் நடுவுல வந்த ஓ.எஸ்.ஸோட டிரைவரை ஏத்துனா ஒத்துக்கும்."

சூசைமுத்து உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடிப்பக்கத்தை வெட்டிட்டு வலை வச்சுத் தச்சா?"

"தைங்கண்ணே. ரெண்டு ஓரமும் சேத்து வெட்டுங்க, காத்து போகட்டும்."

ஹமீது சாவியை எடுத்துச் சோணைமுத்துவின் சட்டைப் பையில் போட்டு, "நான் சும்மா சொன்னேன்டா" என்று அசடு வழிந்தார்.

ஜோதிமேரி எழுந்தாள். மடிக்கணினியை இரண்டு கையாலும் எடுத்துச் சோணைமுத்துவிடம் நீட்டினாள்.

"நீயே போடு தம்பி. வேற யாரும் தொட வேணாம்."