களியில் கலந்த ஒரு பிடி

வெள்ளி, காலை 6.40. இத்தாலிக்குப் போகும் பஸ் கிளம்பிப் போய்விட்டது. நிறுத்தத்துக் கழிவறையில் இலிங்கா மயங்கிக் கிடந்தாள். வயது இருபத்து நான்கு. எடை முப்பத்தொன்பது கிலோ. அங்கே வேலைக்குக் கிளம்பி, வயிற்றுப்போக்கால் விழுவது இது மூன்றாம் தடவை.

9.15. அந்த ருமேனியச் சிற்றூரின் மருத்துவர், காவலர் ஒக்டாவிடம் சொன்னார்: "இவளுக்குக் கோதுமை ஆகாது. குடல் புண்ணாகி, சாப்பிட்டது எதுவும் உடம்புல ஒட்டாது. ஒரு வருஷமா மக்காச்சோளக் களிதான்கிறா. ஆனா கோதுமை உள்ளே போயிட்டே இருக்குன்னு ரத்தப் பரிசோதனை சொல்லுது. யாரோ கலக்கறாங்க."

"எங்க அண்ணிதான் சார்," என்றாள் இலிங்கா. "ரொட்டிக்கடை வேலை. மாவும் கையுமாத்தான் வருவா. கிளம்புற தேதியை அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். எப்படியோ மோப்பம் பிடிச்சிட்டா."

அவளுடைய குச்சி மணிக்கட்டைப் பார்க்கவே ஒக்டாவுக்குச் சங்கடமாக இருந்தது.

11.00. ரொட்டிக்கடை.

"இலிங்காவுக்குக் கடைசியா எப்போ சமைச்சீங்க?"

"ஜூலைல. மாமியாருக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் நான்தான் களி கிண்டினேன். ரெண்டு கிலோ ஏறினா. எல்லாரும் புது மாத்திரையைப் புகழ்ந்தாங்க," என்றாள் அண்ணி சம்ஃபிரா.

"இன்னிக்குப் பஸ்ஸை விட்டுட்டா."

"எந்த பஸ்? மறுபடியும் கிளம்பிட்டாளா?"

12.30. இலிங்காவின் வீடு. தாய் சவேத்தா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"களி மாவு டப்பா எங்கம்மா?"

"பூச்சி புடிச்சிருச்சுய்யா. காலையில கொட்டிட்டேன்."

"பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்கிறப்ப மாவுல பூச்சி பார்க்கத் தோணிச்சா?"

ஒக்டாவ் கொல்லைக்குப் போனார். கோழிகள் கொத்தியது போக மண்ணில் கொஞ்சம் மாவு மிச்சமிருந்தது. கையில் அள்ளினார். மஞ்சள் மாவுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய்க் கோதுமை ரவை.

"நீங்கதான் கலந்தீங்க. தேதி தெரிஞ்சது உங்களுக்கு மட்டும். மாத்திரை இன்னிக்கும் அதேதான். ஜூலைல மாறினது ஒண்ணே ஒண்ணு, அடுப்படியில நீங்க இல்ல. அதை யாரும் யோசிக்கல."

சவேத்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சாகடிக்கவா போட்டேன்? கிளம்பறேன்னு சொல்றப்பல்லாம் ஒரு பிடி. மூத்தவ இத்தாலி போய் எட்டு வருஷமாச்சு. போன்ல மட்டும் சிரிக்கிறா. இவளாவது இருக்கட்டும்னுதான்..."

மாலை 4.00. ஆஸ்பத்திரி. ஒக்டாவ் நடந்ததைச் சொல்லி முடித்தபோது இலிங்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். திரும்பாமலே, வாசலில் நின்ற சம்ஃபிராவிடம் கேட்டாள்: "அண்ணி, உங்க வீட்ல கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"

"வா. கடையிலேர்ந்து வர்றப்ப மாவுத் துணியை வெளியிலயே கழட்டிட்டு உள்ள வர்றேன்."

அப்போதுதான் இலிங்கா அழுதாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, ஒக்டாவ் கொண்டுவந்திருந்த புகார்த் தாளில் அம்மாவின் பெயரை எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை.

ஒக்டாவ் தாளை வாங்கவில்லை. "நாளைக்கு வர்றேன்மா," என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.