மூடிய கண்ணி

மேற்கு மலையில் பெய்த மழையையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு, கரையோரத்து நாணல்களைத் தலைகுனிய வைத்து, செம்மண் கலங்கிய பெருக்காய்ப் பொருநை நதி கீழ்க்கடலை நோக்கி விரைந்துகொண்டிருந்த அந்த ஐப்பசி மாதத்து அந்தி வேளையில், வேள்விமங்கலக் கோட்டையின் மதிலுக்கு மேலே முழுநிலா மெல்ல எழும்பியது. நதியைப் பார்த்த மாடத்தில் நின்று, மார்பில் பூசிய சந்தனம் காற்றில் உலர, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். கோட்டையின் ஆடைச் சித்திரக்காரர் அவர். பெயர் சித்திரவல்லபர்.

வாசகர்களே, அந்த நகரத்தில் எந்தச் சீமாட்டி எந்த நிறத்தில் உடுத்துவது, எந்தச் சேலைக்கு எந்தக் கரை வைப்பது என்பதெல்லாம் அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் கண்டெடுத்த 'சந்திரகாவி' என்ற செம்பழுப்பு நிறத்துக்காகச் செல்வர் வீட்டுப் பெண்கள் ஒருவரோடொருவர் பேச்சையே முறித்துக்கொண்டார்கள். அது கடற்கரையில் வலை தோய்க்கக் காய்ச்சும் மரப்பட்டையின் சாயம் என்று தெரிந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள்! நல்லவேளை, அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஆம், நம் சித்திரவல்லபர் சங்குத்துறை என்னும் பரதவர் குப்பத்தில் கடலன் என்ற பெயரோடு பிறந்தவர். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த புதிதில், கடைவீதியில் அவர் அருகே வந்ததும் இரண்டு பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவரை உலுக்கிவிட்டது. பேச்சை மாற்றினார், நடையை மாற்றினார், தம் குலத்தைக் காஞ்சியிலிருந்து வந்த கலைஞர் குலமாக்கிக்கொண்டார். ஆனால் கண்ணை மாற்ற முடியவில்லை. எதை வரைய உட்கார்ந்தாலும் விடியற்கடலின் நிறமும் வலையின் பின்னலுமே கைக்கு வந்தன. அவற்றுக்குப் பொன்னிழை பூட்டி, நகரத்தார் வாய்க்கு இனிக்கும் பெயரிட்டு விற்றார். புகழ் வந்தது; தாய்க்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பும் துணிவு மட்டும் வரவில்லை.

மாடத்துப் படியில் காலடியோசை கேட்டது. "தளபதியார் தங்களை உடனே அழைத்து வரச் சொன்னார், ஐயா! உட்கோட்டைக்குள் ஒரு வேவுக்காரி பிடிபட்டிருக்கிறாள்!" என்றான் ஓடிவந்த காவலன்.

தளபதி பூதி நக்கனார் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார். உட்கோட்டைக் காவலனாக இருந்த அவருடைய ஒரே மகன் சேந்தன் சென்ற மாதத்து வெள்ளத்தின்போது நதிக்காவலுக்குப் போனவன், இன்றுவரை திரும்பவில்லை. அன்றிலிருந்து அவர் சரியாக உண்ணவுமில்லை, எவரிடமும் இன்முகமாய்ப் பேசவுமில்லை.

"வாரும், சித்திரவல்லபரே! உட்கோட்டைக் காவலர் இடையில் கட்டும் கச்சைக்குக் கரை வரைந்தவர் நீர். அதை மலைமகளே உமது கனவில் காட்டினாள் என்றும், உலகில் வேறெவரும் அறியாத கோலம் என்றும் சபையில் சொன்னீர். அதை நம்பித்தானே, அந்தக் கரை அணிந்தவர்களை வாயிலில் தடுப்பதில்லை என்று வைத்தோம்? இதோ பாரும்! இவள் இடையிலும் அதே கரை!"

தூணருகே கைகள் கட்டப்பட்டு நின்றவளைச் சித்திரவல்லபர் பார்த்தார். பரவை! அவருக்கென்று நிச்சயிக்கப்பட்ட பெண். அவள் இடைத்துணியில் ஓடிய கரை அவருடைய தாயின் கைப்பின்னல். சங்குத்துறையில் வீட்டுக்கு ஒரு கரை உண்டு. கடல் ஒருவனைக் கொண்டுபோய் முகம் தெரியாமல் திருப்பித் தந்தாலும், எந்த வீட்டுப் பிள்ளை என்று அந்தக் கரை சொல்லிவிடும். அந்த வீட்டுக்கு மருமகளாய் வரப்போகிறவளும் அதையே அணிவாள்.

"சொல்லும்! உமது கோலம்தானே இது?"

பரவை நிமிர்ந்தாள். முத்துக்கடுக்கனும் பட்டுத் தலைப்பாகையும் அணிந்த அந்த மனிதரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆம்... என் கோலத்தைப் பார்த்துச் செய்த போலி" என்றார் சித்திரவல்லபர்.

அந்தக் குரலைக் கேட்டதும் பரவையின் கண்கள் விரிந்தன. உதடு அசைந்தது. தன்னை அவள் அறிந்துகொண்டாள் என்பதை அவர் அறிந்தார். மறுகணம் தரையைப் பார்த்தார்.

"பெண்ணே, இந்தக் கரை உனக்கு எப்படிக் கிடைத்தது? மறைத்தால் உயிர் தப்பாது!" என்றார் தளபதி.

"மறைக்க என்ன இருக்கிறது, ஐயா? இது எனக்கு நிச்சயித்த வீட்டின் கரை. சென்ற மாதம் ஆற்றுவெள்ளம் எங்கள் முகத்துவாரத்தில் ஒரு பிரேதத்தை ஒதுக்கியது. முகம் மீன்களுக்குப் போய்விட்டது. இடையில் இந்தக் கரை இருந்தது, பொன்னிழை ஓடியிருந்தது. நகரத்துக்குப் போன பிள்ளை நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறான் என்று அத்தை அந்தப் பொன்னிழையைத் தடவித் தடவி அழுதாள். எப்படி இறந்தார் என்று கேட்டறியத்தான் இங்கே வந்தேன். வாயிலில் பார்த்தால் அத்தனை பேர் இடையிலும் எங்கள் வீட்டுக் கரை! திகைத்துப்போய் அவர்கள் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டேன்."

"பொன்னிழைக் கச்சையா?" தளபதி ஓரடி முன்னே வந்தார். "அது என் மகனுடைய கச்சை! அவனைக் கொன்றுவிட்டுக் கதையா கட்டுகிறாய்? யாருடைய வீட்டுக் கரை? அவன் பெயரைச் சொல்!"

பரவை ஒருமுறை சித்திரவல்லபரைப் பார்த்தாள். "இறந்தவர் பெயர் இப்போது எதற்கு, ஐயா? அடக்கம் செய்த அன்றே இந்தத் துணியை நான் அவிழ்த்திருக்க வேண்டும். மனம் வரவில்லை. அதுதான் என் குற்றம்" என்றாள்.

"இழுத்துச் செல்லுங்கள் இவளை! விடிந்ததும் கழுவேற்றுங்கள்!"

காவலர் அவள் தோளில் கைவைத்தார்கள். அவள் கெஞ்சவில்லை, சித்திரவல்லபர் பக்கம் திரும்பவும் இல்லை. தன்னைக் காட்டிக்கொடுக்காமலே அவள் சாகப் போகிறாள் என்பது புரிந்தபோது சித்திரவல்லபருக்கு உடம்பெல்லாம் கூசியது. கடைவீதிச் சிரிப்பில் பட்ட அவமானமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமேயில்லை.

"விடுங்கள் அவளை! போலி நான்தான்!" என்று கதறியபடி தளபதியின் காலடியில் விழுந்தார்.

"என்ன உளறுகிறீர்?"

"உளறவில்லை, ஐயா. மலைமகளும் காட்டவில்லை, கனவும் காணவில்லை. அது என் தாய் பின்னும் கரை. நான் சங்குத்துறைக் கடலன். இவள் துணியைப் பாருங்கள். வலைக்கண்ணிகளின் வரிசையில் ஒரு கண்ணி மட்டும் மூடாமல் இருக்கிறது. உயிரோடிருப்பவர்களுக்கு அதைத் திறந்துதான் வைப்போம். செத்த பிறகுதான் மூடுவோம். அந்த இடைவெளி நகரத்துக் கண்ணுக்குக் குறையாகத் தெரியும் என்று எண்ணி, அழகுக்காக நான் அதை மூடினேன். தங்கள் வீரர்கள் அனைவருக்கும் பிணத்தின் கரையைக் கட்டிவிட்டேன்!"

மண்டபத்தில் நின்ற காவலர்களின் கைகள் தாமாகவே இடைக்குப் போயின.

"அதனால்தான் அத்தை சந்தேகப்படவில்லை" என்றாள் பரவை, மெல்ல. "நம் வழக்கம் தெரிந்த புண்ணியவான் யாரோ கண்ணியை மூடி அனுப்பியிருக்கிறார் என்று நகரம் இருந்த திசையைக் கும்பிட்டாள்."

"அப்படியானால்... அங்கே கிடப்பது என் சேந்தன்" என்றார் தளபதி. "அம்மா, அவனுக்காக அழுதீர்களா?"

"பெற்ற பிள்ளைக்கு அழுவதுபோல் அழுதோம், ஐயா. தினமும் விளக்கேற்றுகிறோம்."

அந்த முதியவர் தாமே வந்து அவள் கட்டை அவிழ்த்தார். பிறகு காலடியில் கிடந்தவனைப் பார்த்தார். அவர் ஓங்கி ஓர் அறை கொடுத்திருந்தால்கூடக் கடலனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை.

"ஐயா, இனி என் தாய் தன் கையால் தராத எந்த ஆடையையும் உடுத்தமாட்டேன். அவள் தர மறுத்தால் கோவணத்தோடு திரிவேன். இது சத்தியம்!" என்றான் கடலன். பட்டுத் தலைப்பாகையையும் கடுக்கனையும் கழற்றித் தரையில் வைத்தான்.

"உன் சத்தியம் உன்னோடு இருக்கட்டும். படகை எடு" என்றார் தளபதி.

நிலவு பொழிந்த நதியில் படகு கீழ்த்திசை நோக்கி வழுக்கிச் சென்றது. சித்திரவல்லபராய் இருந்த காலத்தில் மென்மையாகிவிட்ட உள்ளங்கைகள் துடுப்பில் உரசிக் கொப்புளித்தன. எதிரே அமர்ந்திருந்த இருவரையும் பார்க்கக் கூசி, அவன் தண்ணீரையே பார்த்துத் துழாவினான்.

வெகுநேரத்துக்குப் பிறகு தளபதி கேட்டார்: "என் மகனைத் தன் மகனென்று எண்ணி அழுதவளிடம் நான் போய் என்னவென்று சொல்வேன், பெண்ணே?"

"நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், ஐயா" என்றாள் பரவை. "சொல்ல வேண்டியவர் துடுப்புப் போடுகிறார்."