ஆந்தையை வாங்கியது யார்?

ஜூன் 9, செவ்வாய். செய்த தவறு: பூனைக்கு விலையைக் குறைத்துப் போட்டது.

சின்னத் தவறுதான். ஆனால்...

பூனை விற்றுவிட்டது!

கம்ப்யூட்டர் திரையில் 'விற்பனை முடிந்தது' என்று பச்சை எழுத்துகள் மின்ன, பென்சில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

பென்சில் என்பது அக்கா வைத்த பட்டப்பெயர். ஒல்லி உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். கற்பனைக் கதாபாத்திரங்களை வரைந்து இணையத்தில் விற்பது அவள் பிழைப்பு. கதை எழுதுகிறவர்கள் வாங்குவார்கள். ஆசைக்குச் சேர்த்துவைப்பவர்களும் வாங்குவார்கள்.

போனை எடுத்தாள்.

"சார்... பூனை போயிடுச்சு!"

"கார்ப்பரேஷனுக்குப் போன் பண்ணும்மா. இது போலீஸ் ஸ்டேஷன்."

"சார், நான் பென்சில் பேசறேன்!"

மறுமுனையில் சப்-இன்ஸ்பெக்டர் டீயை மடக்கென்று விழுங்கும் சத்தம்.

"ஓ... அந்தப் பூனையா! அப்படின்னா... உங்க அத்தானா?"

"அவரேதான். அவரை என் கையாலயே..."

"கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. வந்துட்டேன்!"

போன மாதம் வரை பென்சிலுக்கு ஓர் அக்கா இருந்தாள்.

மருந்து டப்பாக்களுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மூன்றாவது மாடி. ஒருநாள் சரக்கு லிஃப்டின் இரும்புக் கதவை இழுத்தாள். வழக்கம்போல் காலை உள்ளே வைத்தாள்.

உள்ளே லிஃப்ட் இல்லை!

'கவனக்குறைவு' என்று எழுதி ஃபைலை மூடினார்கள்.

பென்சிலால் மூட முடியவில்லை. முந்தின நாள்தான் அக்கா சொல்லியிருந்தாள். "ப்ரெஸ்ல பெரிய தப்பு நடக்குதுடி. காலாவதியான மருந்துக்குப் புதுத் தேதி போட்டு லேபிள் அடிக்கறாங்க. யாருன்னு தெரிஞ்சுடுச்சு. நாளைக்கு நேர்ல கேட்டுட்டு உனக்குச் சொல்றேன்."

சொல்ல அவள் வரவில்லை.

அக்காவோடு அந்த மாடியில் வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். அச்சு இயந்திரம் ஓட்டும் அத்தான், அதாவது அக்காவின் கணவர். அச்சக முதலாளி. லேபிள் வடிவமைக்கிற, அக்காவின் தோழி. அக்கா போன பிறகு தினமும் வந்து, பென்சிலைக் 'குட்டி' என்று கூப்பிட்டுத் தலை பின்னிவிடுகிறவள்.

மூவரையும் தனித்தனியாகப் பார்த்தாள் பென்சில். மூவரிடமும் ஒரே கதையைச் சொன்னாள்.

"அக்கா விழுந்த அன்னிக்கு ப்ரெஸ் பின்படியில ஒருத்தன் இறங்கி ஓடினான். நான் முகத்தைப் பார்த்தேன். போலீஸ்ல சொன்னா நம்பமாட்டாங்க. அவனை ஒரு கேரக்டரா வரைஞ்சு கடையில போட்டிருக்கேன்."

கதை ஒன்று. உருவம் வேறு! அத்தானிடம் பூனை என்றாள். முதலாளியிடம் கீரி. தோழியிடம் ஆந்தை.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து, திரையில் கோட்டு சூட்டோடு நின்ற ஆந்தையை முறைத்தார். ஆந்தையும் அவரை முறைத்தது.

"நேரா மனுஷ மூஞ்சியை வரைஞ்சு தொலைச்சா என்னம்மா?"

"முதல்ல போட்டோ மாதிரி நிழல் போட்டுத்தான் வரையலாம்னு நெனச்சேன் சார். ஆனா அதை எல்லாரும் பார்ப்பாங்க. யார் பயந்தாங்கன்னு எப்படித் தெரியும்? அப்புறம் பெரிய கண்ணு, சின்ன மூக்குன்னு பொம்மை ஸ்டைல் யோசிச்சேன். அதுல எவனை வரைஞ்சாலும் அழகாயிடறான். கொலைகாரன் அழகா இருக்கக்கூடாது சார்!"

"அதுக்காக ஆந்தையா?"

"இதுல மனுஷ முகமே இல்ல. ஊருக்கெல்லாம் இது வெறும் ஆந்தை. நான் சொன்ன ஒரே ஒரு ஆளுக்குத்தான் இது கொலைகாரன்!"

சப்-இன்ஸ்பெக்டர் மெல்ல விசிலடித்தார்.

"சரி, வாங்கி என்ன பண்றது?"

"எங்க தொழில்ல ஒரு கேரக்டருக்கு ஒரே சொந்தக்காரர்தான். வித்துட்டா நான் மறுபடி வரையவே கூடாது. வாங்கினவங்க கேட்டா, முதல் பென்சில் ஸ்கெட்சையும் கொடுத்துட்டு என் காப்பியை அழிச்சிடணும். நிஜ முகம் அந்த ஸ்கெட்ச்லதான் இருக்குன்னு மூணு பேர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

"ஆக, காசைக் கொடுத்து சாட்சியையே வாங்கிடலாம்!"

"வாங்கட்டும்னுதான் சார் கடையே விரிச்சேன்."

தட்! தட்! தட்!

கதவு அதிர்ந்தது. பென்சில் திறந்தாள்.

அத்தான்! முகமெல்லாம் தாடி. கையில் முழ நீள ஸ்பேனர்.

"எங்கடி அந்தப் பூனை? கடையில காணோமே!"

"நடிக்காதீங்க அத்தான். வாங்கினதே நீங்கதானே?"

"நான் எதுக்கு வாங்கணும்? அந்த ஸ்கெட்சைக் கேட்டு வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். அவன் மூஞ்சி எனக்கு வேணும். போலீஸ் வேணாம், கோர்ட் வேணாம். நான் பார்த்துக்கறேன்!"

உள்ளேயிருந்து ஓர் இருமல் சத்தம்.

"வணக்கம். போலீஸ் வேணாம்னு ஏதோ சொன்னீங்களே..."

ஸ்பேனர் முதுகுக்குப் பின்னால் போனது.

அதே நேரம் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. பூனையை வாங்கியவரிடமிருந்து செய்தி!

'பூனை பிரமாதம்! என் பையன் எழுதுகிற கதைக்கு. ஸ்கெட்ச் எல்லாம் வேண்டாம். தலையில் ஒரு தொப்பி மட்டும் போட்டுத் தர முடியுமா?'

மூவரும் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

"ஸ்கெட்ச் வேணாமாம், தொப்பி வேணுமாம்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "இது கொலைகாரன் இல்லம்மா... கஸ்டமர்!"

பென்சிலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மலிவாகக் கிடைத்ததை யாரோ வாங்கிவிட்டார்கள். அதற்குள் ஒரு மனுஷனைக் கொலைகாரனாக்கி...

"அத்தான்... உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டேன்."

அத்தான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "உன் இடத்துல நான் இருந்தாலும் என்னைத்தான் முதல்ல சந்தேகப்பட்டிருப்பேன். விடு. அவனைப் பிடி!"

பென்சில் கீரிக்கும் ஆந்தைக்கும் விலையை ஏற்றினாள். ஆசைக்கு வாங்குகிறவன் எவனும் கிட்டே வர முடியாத விலை. உயிருக்குப் பயந்தவன் மட்டுமே கொடுக்கிற விலை!

மறுநாள் மதியம் போன் அலறியது. முதலாளி!

"ஏம்மா, அந்தக் கீரிக்கு என் சாயல் இருக்குன்னு வீட்ல என் பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிக்கறா. முதல்ல அதை எடு!"

"நீங்களே வாங்கிக்கங்க சார். எடுத்துடறேன்."

"அந்த விலைக்கா? நிஜக் கீரியே ஒரு கூட்டம் வாங்கிடுவேன்!"

டொக். வைத்துவிட்டார்.

அவள் போனைக் கீழே வைப்பதற்குள்...

டிங்!

ஆந்தை விற்றுவிட்டது. முழு விலை. புதிதாகத் திறந்த கணக்கு. கூடவே ஒரு செய்தி.

'ஸ்கெட்ச் கட்டாயம் வேண்டும். உங்களிடம் உள்ள எல்லாக் காப்பியையும் அழித்துவிடுங்கள். உடனே!'

பென்சிலின் கை தன்னையறியாமல் தலைக்குப் போனது. காலையில் தோழி பின்னிவிட்ட பின்னல். இறுக்கமாக, அழகாக.

அதை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள்.

சப்-இன்ஸ்பெக்டருக்கும் அத்தானுக்கும் போன் செய்தாள். இருவரும் வந்து சேரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு ஸ்கெட்சை அனுப்பினாள். அந்தப் பட்டனை அழுத்தியதுபோல் அவள் வேறெதையும் அவ்வளவு ஆசையாக அழுத்தியதில்லை!

மூச்சிரைக்க ஓடிவந்தாள் தோழி. சமையலறைக் கதவுக்குப் பின்னால் சப்-இன்ஸ்பெக்டரின் போன் ரெக்கார்ட் செய்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"குட்டி! என்னடி இது?"

நீட்டிய மொபைலில் ஒரு பென்சில் ஓவியம். நெற்றி, மூக்கு, உதட்டோர மச்சம்...

தோழியின் முகம்!

"ஆந்தையோட ஸ்கெட்ச். அது உன் கைக்கு எப்படிக்கா வந்துச்சு? முன்பின் தெரியாத யாரோல்ல வாங்கினாங்க?"

தோழிக்கு வேர்த்தது. "அ... அதை விடு! ஒருத்தன் ஓடினான்னுதானே சொன்னே? இது நான்!"

"இருட்டுப் படி. ஆம்பளையா பொம்பளையான்னு அப்பத் தெரியல. வரைஞ்சு முடிச்சதும்தான் தெரிஞ்சுது."

"பொய்! நான் அன்னிக்கு அங்கே இல்லவே இல்ல! பல் டாக்டர்கிட்ட இருந்தேன்!"

"அப்ப ஓடினது யாரு?"

"லிஃப்ட் மெக்கானிக்டி! கதவுப் பூட்டைக் கழட்டி வெச்சதே அவன்தான்! லேபிள் விஷயம் வெளியே வரக்கூடாதுன்னு நான் சொல்லிவிட்டதோட சரி, என் கை படவே..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரொம்பத் தாமதம்!

சமையலறைக் கதவு திறந்தது.

"நிறுத்தாதீங்க மேடம். கை படவே இல்ல... அப்புறம்?"

தோழி வாசலுக்குப் பாய்ந்தாள். அங்கே அத்தான் நின்றிருந்தார். இன்று கையில் ஸ்பேனர் இல்லை. அவர் பார்த்த பார்வைக்கு அது தேவையும் இல்லை.

"குட்டி... தினமும் உனக்குத் தலை பின்னிவிட்டேனேடி!"

"அதனாலதான்க்கா மச்சம்கூட தப்பல. நீ பின்னும்போதெல்லாம் எதிர்க் கண்ணாடியில நான் உன்னைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

தோழி மறுபடி வாயைத் திறப்பதற்குள் கையில் விலங்கு விழுந்தது.

வண்டி கிளம்பிய பிறகு சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

"அப்ப மூணு பேர் முகத்தையும் வரைஞ்சு வெச்சிருந்தியா?"

"ஆமா சார். யார்கிட்ட எந்த உருவம் சொன்னேனோ, அதுக்குள்ள அவங்க முகம்."

"எமகாதகிம்மா நீ! சரி, அந்த மெக்கானிக்கைத் தூக்க ஆள் போயிருக்கு. அடையாளத்துக்கு அவன் மூஞ்சியை வரைஞ்சு கொடு."

"எந்த மூஞ்சி சார்?"

"நீ பின்படியில பார்த்தியே, அந்த மூஞ்சி!"

பென்சில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் யாரையும் பார்க்கல சார். அன்னிக்கு நான் அந்தத் தெருப் பக்கமே போகல."

"என்னது?!"

"ஒருத்தன் இருந்தானான்னே எனக்குத் தெரியாது. யாருமே வாங்கலைன்னா என்ன பண்றது, நிஜமாவே அது விபத்தா இருந்தா என்ன பண்றதுன்னு ஒரு வாரமா தூக்கமே இல்ல..."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்குள் அவர் போன் ஒலித்தது. கேட்டார். சிரித்தார்.

"மெக்கானிக் சிக்கிட்டான். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா. இந்தத் தடவையாவது ஆளைப் பார்த்துட்டு வரை!"

ஜூன் 10, புதன். நாளைய வேலை: பென்சிலைச் சீவிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் மெக்கானிக்கை வரைவது. முதலில் லாக்கப் கம்பிகள்... இடம் மிச்சமிருந்தால் முகம்!